அனாக்ஸிக் டேங்கோடு ஓடும் ஓட்டல் எஸ்டிபி: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

காற்று ஊதும் ஏரேஷன் டேங்குக்கு முன்னால், காற்று ஊதாமல் கலக்க மட்டும் செய்யும் ஓர் அனாக்ஸிக் டேங்க், ஏரேஷனின் கடைசி முனையிலிருந்து அதற்குத் தண்ணீரைத் திருப்பும் ஒரு ரீசர்குலேஷன் பம்ப். ஏரேஷனில் அம்மோனியா நைட்ரேட் ஆகும் (நைட்ரிஃபிகேஷன்), அனாக்ஸிக்கில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். 50 முதல் 200 கேஎல்டி (நாளைக்கு இத்தனை ஆயிரம் லிட்டர்) வரை உள்ள ஓட்டல், வணிக வளாக எஸ்டிபிகளில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில்) நைட்ரஜனை இறக்க இது மலிவான வழி. கூடுதலாக வாங்குவது ஒரு தொட்டியும் ஒரு மிக்ஸரும் ஒரு பம்பும்தான். ஆனால் பிஓடி (கரிமக் கழிவின் அளவு) ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஓட்டுகிற இடத்தில் இந்தப் பணம் வீண். பிஓடி 8 என்று அழகாக வரும், நைட்ரேட் 25-இல் நிற்கும், யாருக்கும் தெரியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2019 ஏப்ரல் உத்தரவுக்குப் பிறகு பெருநகரங்களில் பேசப்படும் அளவு மொத்த நைட்ரஜன் 10 மி.கி./லிட்டர், ஏரி, குளத்தில் விடுவதானால் மொத்தப் பாஸ்பரஸ் 1. அந்த இடத்துக்குக் கொண்டுபோவது தொட்டி அல்ல, தினசரி அளவீடு.

முதலில் மாட்டிக்கொள்வது காரத்தன்மையில், அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தியில். 1 கிராம் அம்மோனியா-நைட்ரஜன் நைட்ரேட் ஆக 4.57 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும், கூடவே 7.14 கிராம் காரத்தன்மை கரைந்துபோகும். நைட்ரேட் வாயுவாகப் போகும்போது அதில் பாதி, 3.57 கிராம், திரும்பி வரும். 100 கேஎல்டி ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் நைட்ரஜன் லிட்டருக்கு 50 மி.கி., ஸ்லட்ஜோடு (பாக்டீரியா சேற்றோடு) போவது 10, நைட்ரேட் ஆக வேண்டியது 40. அதற்குச் செலவு 286 மி.கி. காரத்தன்மை. அனாக்ஸிக்கில் 32 போனால் 114 திரும்பும். நிகரச் செலவு 172. வரும் நீரில் 200 இருந்தால் கடைசியில் மிஞ்சுவது 28. குறைந்தது 80, முடிந்தால் 100 மிஞ்ச வேண்டும். போர்வெல் தண்ணீரில் ஓடும் கட்டடத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆர்ஓ நீரை எல்லா அறைக்கும் கொடுக்கும் ஓட்டலில் பிஹெச் 6.5-க்கு இறங்கி அம்மோனியா அப்படியே வெளியே வரும். ஆபரேட்டர் காற்று போதவில்லை என்று நினைத்து இரண்டாவது ப்ளோயரையும் போடுவார். கரண்ட் பில் ஏறும், அம்மோனியா இறங்காது.

மருந்து சோடா ஆஷ்தான் (சோடியம் கார்பனேட்). 1 கிலோ காரத்தன்மைக்கு 1.06 கிலோ. மேலே சொன்ன ஓட்டலுக்கு 70 மி.கி. பற்றாக்குறை என்றால் நாளொன்றுக்கு ஏழரைக் கிலோ. மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டக் கூடாது. டிரம்மில் கரைத்து, டோசிங் பம்பில் நாள் முழுக்கச் சொட்டவிட வேண்டும். அடியில் கல்லாக இறுகினால் பம்பின் ஃபுட் வால்வு முதலில் போகும்.

அடுத்தது ரீசர்குலேஷன். வரத்தைப் போல மூன்று மடங்கு ரீசர்குலேஷன், கிளாரிஃபையரில் (ஸ்லட்ஜ் படியும் தொட்டியில்) இருந்து ஒரு மடங்கு ஸ்லட்ஜ் ரிட்டர்ன், ஆக நான்கு மடங்கு திரும்பினால் கணக்குப்படி 80 சதவீத நைட்ரேட்டை எடுக்கலாம். அதற்கு மேல் பம்பைப் பெருக்குவதில் லாபம் குறைவு, ஏனென்றால் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் போகிறது. டிஓ (கரைந்த ஆக்ஸிஜன்) 4 மி.கி. உள்ள தண்ணீர் நாளைக்கு 300 கன மீட்டர் திரும்பினால், அனாக்ஸிக்குள் 1.2 கிலோ ஆக்ஸிஜன் நுழைகிறது. நைட்ரேட்டை உடைக்க வேண்டிய பாக்டீரியா முதலில் அந்த ஆக்ஸிஜனைத்தான் மூச்சாக இழுக்கும். விளைவு, வெளியேறும் நீரில் 4 மி.கி. நைட்ரேட் கூடுதல். ஏரேஷன் கடைசி முனையில் டிஓ 1.5 முதல் 2 போதும். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். மேலிருந்து அருவி மாதிரி விழுந்தால் அதுவே ஏரேட்டர். அனாக்ஸிக் டேங்கைக் கலக்க மிக்ஸருக்குப் பதிலாக ஏர் லைன் இழுத்துவிட்ட பிளான்ட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்பன் விஷயத்தில் ஓட்டல்களுக்கு அதிர்ஷ்டம். சமையலறைத் தண்ணீரே தீனி. ஆனால் வரும் கழிவுநீரை முதலில் சேர்த்து வைக்கும் ஈக்குவலைசேஷன் டேங்கில் இருபத்துநாலு மணி நேரமும் காற்று ஓடினால் அந்தத் தீனி அங்கேயே எரிந்துவிடும். கலங்கி, நாற்றம் இல்லாமல் இருக்கும் அளவுக்கு 15 நிமிடம் ஓட்டி 45 நிமிடம் நிறுத்தினால் போதும். அலுவலகக் கட்டடங்களில் கழிவறைத் தண்ணீர் மட்டுமே வருவதால் நைட்ரஜன் அதிகம், பிஓடி குறைவு. அங்கே வெல்லக் கரைசல் தேவைப்படலாம்: 1 கிலோ நைட்ரஜனுக்கு ஐந்தாறு கிலோ வெல்லம் தோராயக் கணக்கு, அதையும் சொட்டுச் சொட்டாகவே.

பாஸ்பரஸுக்கு உயிரியல் முறையை மட்டும் நம்புவது நம் வெயிலுக்குச் சரிப்படாது. கழிவுநீர் 28 டிகிரியைத் தாண்டும்போது, பாஸ்பரஸைச் சேர்க்கும் பாக்டீரியாவின் தீனியை கிளைக்கோஜன் சேர்க்கும் வேறு வகை பறித்துக்கொள்கிறது. ரிட்டர்னில் வரும் நைட்ரேட்டும் கெடுக்கிறது. சாதாரண வளர்ச்சியில் 2 மி.கி. போனபின் மிச்சம் 5 என்றால், 1 கிராம் பாஸ்பரஸுக்கு 15 கிராம் படிகாரம் என்ற கணக்கில் 100 கேஎல்டிக்கு ஏழரைக் கிலோ. படிகாரமும் காரத்தன்மையைத் தின்னும், ஏறக்குறைய தன் எடையில் பாதி. ஆகவே சோடா ஆஷை இன்னும் நாலு கிலோ ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, பாஸ்பரஸ் சரியானதும் அம்மோனியா ஏறிவிட்டதே என்று குழம்புகிறவர்கள் உண்டு. எடுத்த ஸ்லட்ஜைக் காற்றில்லாமல் மூன்று நாள் தேக்கி வைத்துப் பிறகு ஃபில்டர் பிரஸ்ஸில் ஏற்றினால், பிடித்த பாஸ்பரஸில் ஒரு பங்கு பிழிந்த தண்ணீரோடு திரும்ப டேங்குக்கே வரும்.

நைட்ரேட் சோதனைக் கிட்டில் ஒரு கண்ணி. சில கிட்டுகள் நைட்ரேட்டாகக் காட்டும், சில நைட்ரேட்-நைட்ரஜனாக. வித்தியாசம் 4.43 மடங்கு. கிட்டில் 44 என்று பார்த்துப் பதறிய பிளான்ட்டில் உண்மையில் இருப்பது 10. டப்பாவின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கடைசியில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் திடீரென்று நீரில் தங்காமல் போவதும் ஒரு செய்திதான். ஹைப்போ (குளோரின் கரைசல்) அதே அளவில் போகிறது, ரெசிடுவல் (நீரில் மிஞ்சும் குளோரின்) பூஜ்யம் என்றால் ஹைப்போ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் நைட்ரைட் பாருங்கள்; அம்மோனியா நைட்ரேட் ஆகும் வழியில் நடுவில் வருவது அது. 1 மி.கி. நைட்ரைட்-நைட்ரஜன் 5 மி.கி. குளோரினை விழுங்கும். நைட்ரிஃபிகேஷன் பாதியில் நிற்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி; பெரும்பாலும் முந்தைய நாள் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஆசிட்டோ கிருமிநாசினியோ பக்கெட் கணக்கில் ஊற்றியிருப்பார்கள்.

அரை மணி செட்டில்மென்ட் பார்க்கும் ஒரு லிட்டர் ஜாடியைக் கழுவி வைக்க அவசரப்பட வேண்டாம். இரண்டு மணி நேரம் மேசையிலேயே விடுங்கள். அடியில் படிந்த ஸ்லட்ஜ் கொத்துக் கொத்தாக, குமிழி ஒட்டிக்கொண்டு மேலே எழுந்தால் கிளாரிஃபையரிலும் அதேதான் நடக்கிறது: நைட்ரேட் மிஞ்சி அங்கே வாயுவாகிறது. ஸ்லட்ஜ் ரிட்டர்னைக் கூட்டினால் அன்றைக்கு அடங்கும். ரீசர்குலேஷன் பம்ப் உண்மையிலேயே தண்ணீர் தள்ளுகிறதா என்று குழாய் வாயில் கை வைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. இம்பெல்லரில் சுற்றிய முடியும் துணியும் எடுத்தபின், பல நேரம் மொத்தக் கோளாறும் அதுவாகவே இருந்திருக்கும்.