எல்டிஎச்சா, ஏஎஸ்டியா? மூதூர் ரியூப் தந்த பதில்

டெங்கு பிடித்தவர்களின் இரத்தத்தில் ஒரு நொதியத்தைத் தொடர்ந்து அளந்து பார்க்கும் சிறிய ஆய்வு அது. கையிலிருந்த காசுக்கு ஒரு பரிசோதனைக் கிற்தான் வாங்கலாம்: எல்டிஎச் அல்லது ஏஎஸ்டி. இரண்டும் உடற்கலங்கள் சேதமானால் இரத்தத்தில் கூடும் நொதியங்கள். பழைய வைத்தியர்கள் இன்னும் எஸ்ஜிஓடி என்பது இந்த ஏஎஸ்டியைத்தான். நான் அதையே வாங்கினேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன், ஆனால் டெங்குவுக்கு மட்டும்.

கருவியில் வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் ஒளியை அளக்கும் அதே போட்டோமீற்றர், அதே 340 நானோமீற்றர் ஒளி, அதே 37 பாகை. அந்த ஒளியை உறிஞ்சும் என்ஏடிஎச் என்ற பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். எல்டிஎச் வாங்குபவர் கிற் தாளை மட்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பைருவேற் என்ற பொருளை எல்டிஎச் லக்டேற்றாக மாற்றுவதை அளக்கும் முறையில் வரும் எண், எதிர்த்திசை முறையில் வருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒன்றின் இயல்பு எல்லையை மற்றதற்கு வைத்தால் ஊரெல்லாம் நோயாளிதான்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு: இரத்தம் வந்து சேரும் வழி.

எங்கள் மாதிரிகளில் பாதி திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருபவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் கதை இல்லை. ஆனாலும் வெயிலும் குலுக்கலும் இருக்கின்றன. ஊசி குத்தும்போது அவசரப்பட்டாலோ, உறைந்த இரத்தத்தின் மேல் தெளியும் நீரான சீரத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் விட்டாலோ செங்குழியங்கள் உடையும், கசியும். செங்குழியத்துக்குள் இருக்கும் எல்டிஎச் சீரத்தில் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல். ஏஎஸ்டி நாற்பது மடங்கு அளவில். அதுவும் சின்ன எண் இல்லை, ஆனால் லேசான இளஞ்சிவப்புச் சீரத்திலேயே எல்டிஎச் துள்ளிவிடும். கிற் வாங்கும் முன் இரவல் ரீஏஜென்றில் ஒருநாள் பார்த்தோம். ஒரே பெட்டியில் வந்த ரியூப்கள் எல்லாமே எல்டிஎச் அதிகம் என்று காட்டின. வைரஸ் என்று நினைத்து மகிழ்ந்தேன், வெட்கம்தான். மறுநாள் அதே ஆட்களிடம் இங்கேயே எடுத்து உடனே சுற்றிப் பிரித்தபோது பெரும்பாலானவை இறங்கிவிட்டன.

சரி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பலாமே என்றால், அங்கேயும் எல்டிஎச் முரண்டு பிடிக்கும். அதன் ஐந்து வடிவங்களில் நான்காவதும் ஐந்தாவதும் குளிரில் செயலிழக்கும். டெங்கு பாதிக்கும் ஈரலில் ஐந்தாவதுதான் அதிகம்! பிரித்த சீரத்தில் ஏஎஸ்டி குளிர்சாதனப் பெட்டியில் சில நாட்கள் தாங்கும். மின்சாரமும் வாகனமும் நம் சொல் கேட்காத இடத்தில் இது பெரிய நிம்மதி.

டெங்குவில் ஏஎஸ்டிக்கு அர்த்தமும் உண்டு. பெரும்பாலும் ஈரலின் இன்னொரு நொதியமான ஏஎல்டியை முந்திக்கொண்டு ஏறும், தசையிலிருந்தும் வருவதால். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டில் ஏஎஸ்டியோ ஏஎல்டியோ 1000 அலகைத் தொட்டால் அது கடுமையான டெங்கு. ஆனால் ஏஎஸ்டியிடமும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. அளவு மிக அதிகமானால் நாம் வாசிக்கத் தொடங்கும் முன்பே என்ஏடிஎச் தீர்ந்துவிடும், கருவி சாதுவாகக் குறைந்த எண்ணைக் காட்டும். ஆள் வாடிக் கிடக்கிறார், எண் சிரிக்கிறது என்றால் சீரத்தை ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள்.

புற்றுநோய்ப் பக்கம் வந்தால் என் சாய்வு தலைகீழாகும். அங்கே என் கை பட்ட மாதிரிகள் மிகக் குறைவு, இங்குள்ள பலர் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1993இல் வகுத்த முன்கணிப்புக் குறியீட்டின் ஐந்து காரணிகளில் எல்டிஎச் ஒன்று. பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் விதைப்பைக் கட்டிகளிலும் அதைப் பார்த்தே நிலை பிரிக்கிறார்கள். ஈரலுக்குப் பரவாதவரை ஏஎஸ்டிக்கு அங்கே சொல்ல அதிகம் இல்லை.

மூதூரிலேயே சுற்றிப் பிரிக்க ஒரு சின்ன சென்ட்ரிபியூஜ் கேட்டிருக்கிறேன். அது வந்து சேர்ந்தால் எல்டிஎச் கிற் ஒன்றும் வாங்குவேன்.