மின்சாரத்துக்கு எந்த விறகு: சீமைக்கருவேலா, சவுக்கா, கிளைரிசிடியாவா?

விறகை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சிறிய ஆலைகளில் ஒரு கிலோவுக்கு மேல் மரம் போகும். 10 மெகாவாட் ஆலை முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு 300 டன் வரை கேட்கும். லாரிக் கணக்கில் இருபது, முப்பது லோடு. அவ்வளவும் எந்த நிலத்திலிருந்து வருகிறது, வெட்டிய இடத்தில் மறுபடி என்ன முளைக்கிறது என்று பார்த்தால்தான் சூழலுக்கு லாபமா நட்டமா என்பது தெரியும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலை நட வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம். ஆடுமாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பிவிடும். விறகும் நின்று எரியும். களையை வெட்டிக் கரண்ட் எடுப்பது ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெட்டினால் தூர் துளிர்க்கும். ஒழிக்க வேண்டுமென்றால் வேரோடு தோண்ட வேண்டும். இருபது வருடத்துக்குத் திட்டம் போட்டுக் கட்டிய ஆலைக்கோ அது துளிர்த்தால்தான் பிழைப்பு. கார்பன் கணக்கும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது: புகையில் போனது மறுதுளிரில்தான் மரத்துக்குத் திரும்பும். ஆக, ஆலை ஓடும்வரை அது மண்டிக் கிடக்கும் கண்மாய்க்குச் சீமைக்கருவேலிடமிருந்து விடுதலை கிடையாது.

சவுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மறுதுளிர் சரியாக வராது; ஒவ்வொரு அறுவடைக்கும் புதுக் கன்று, முதல் வருடங்களில் தண்ணீர். காகித ஆலை நல்ல விலை தரும்போது அதை யார் கொதிகலனில் போடுவார்கள்?

கிளைரிசிடியா வேறு ரகம். இலங்கையில் இதைச் சீமைக்கிளுவை என்பார்கள். தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக 2005-ல் அறிவித்தார்கள். போத்து (வெட்டிய கிளை) நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். மிளகுக்கொடிக்குத் தாங்கு மரம், தென்னைக்கு ஊடுபயிர், வேலி என்று இருக்கிற நிலத்திலேயே நிற்கும். தடி கொதிகலனுக்குப் போனாலும் இலை தென்னந்தூரிலேயே தழையுரமாக விழும். எரித்தால் காற்றில் போகும் தழைச்சத்து (நைட்ரஜன்) இப்படி மண்ணில் தங்குகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் வேலியோரத்து விறகை வைத்துத் தினம் 300 டன் திரட்ட முடியாது. பற்றாக்குறைக்குப் புதர்க்காட்டை அழித்துத் தனித்தோட்டம் போட்டால் மேலே சொன்ன நன்மையெல்லாம் அடிபடும். அப்புறம், மின்சாரமாக்கும்போது வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வீணாகிறது. தேயிலை ஆலைக்காரர்கள் இதே தடியை இலை உலர்த்த எரித்தால் கூடுதல் பலன் கிடைக்கும்.