மீனுக்கு என்ன நோய்: படமா, கண்ணா, கிட்டா, மைக்ராஸ்கோப்பா?

தர்மபுரியில் வீட்டுத் தொட்டி மீன் சுணங்கினால் முதலில் நடப்பது ஒன்றுதான். செல்போனில் படம் எடுத்து, மீன் வாங்கிய கடைக்கு அனுப்புவோம். "நீல மருந்து நாலு சொட்டு, கல் உப்பு ஒரு கைப்பிடி" என்று பதில் வரும். எந்த மீனுக்கும் அதே சீட்டுதான். நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இப்போது வீட்டில் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்றும், பள்ளிக்கூட ரக மைக்ராஸ்கோப் ஒன்றும் இருக்கின்றன. இந்த நான்கு வழிகளில் எது எதற்கு உதவும் என்பதைச் செத்த மீன்களின் கணக்கில்தான் கற்றுக்கொண்டேன்.

படத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் மீனைவிடக் கண்ணாடியில் படிந்த பாசிதான் தெளிவாக விழும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள். மூச்சு வாங்குவதும் கல்லில் உரசுவதும் அதிலாவது தெரியும்.

கண் அப்படியில்லை, சில நோய்களுக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது. கப்பியின் மலவாயிலிருந்து சிவப்பு நூல் எட்டிப் பார்த்தால் அது கமலானஸ் புழு, சோதனையே வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடிக்கும்போது உடம்பில் தங்கப்பொடி தூவியதுபோல் மின்னினால் வெல்வெட் நோய். கண் ஏமாறுவது வெள்ளை நிறத்தில். உப்புக்கல் போல் புள்ளி புள்ளியாக இருந்தால் வெண்புள்ளி நோய். பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சையாகவும் இருக்கலாம், காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பு ஓரத்திலும் மட்டும் வரிசையாக வெள்ளை முத்துகள் வந்தால் நோயே இல்லை, இனப்பெருக்கப் பருவம். பக்கத்து வீட்டுத் தம்பி அதற்கு ஒரு வாரம் மருந்து ஊற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தான்.

நானும் யோக்கியன் இல்லை. மோலியின் முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டதுபோல் ஒரு வெளுப்பு. வெண்புள்ளிதான் ஆரம்பிக்கிறது என்று முடிவுகட்டி ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றினேன். வெண்புள்ளிக்கு அது சரியான வைத்தியம். ஆனால் இது காலம்னாரிஸ், சூடு ஏற ஏற வேகமெடுக்கும். காலையில் ஐந்து மோலியும் மிதந்தன.

அடுத்து டெஸ்ட் கிட். நம் மாவட்டத்தில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன், காரணம் தண்ணீர். என் வீட்டு போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் ரகம், அமில-கார அளவைச் சொல்லும் பி.எச். எண் 8-க்கு மேல். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவின் விஷம் இந்த எண்ணைப் பொறுத்தது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். 8 ஆனால் சுமார் 5 சதவீதம். அதாவது அம்மோனியா அளவுக்குக் கிட் இரண்டு ஊரிலும் ஒரே பச்சை நிறத்தைக் காட்டினாலும் இன்னொரு ஊர்த் தொட்டியில் தாங்கும் மீன் இங்கே செவுள் வெந்து மேலே வந்து வாயைத் திறக்கும். அதைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றினால், வடிகட்டியில் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவுக்கும் கேடு வரலாம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்தது. போர் தண்ணீரின் ஃப்ளூரைடுக்காக வந்த திட்டம், நமக்கு நல்லதுதான். ஆனால் குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றினால் அதில் குளோரின் இருக்கும். தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் எல்லா மீனும் தவித்தால் வேறெதையும் தேடாதீர்கள். ஓசூர், தளி பக்கத்து ஆட்களுக்குக் கூடுதலாக ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். மார்கழிக் குளிரில் தண்ணீர் சட்டென்று இறங்கும்போது வெண்புள்ளி கிளம்புவது வழக்கம்.

மைக்ராஸ்கோப்புக்கு 3,000 ரூபாய் சொச்சம் ஆனது. கையை நனைத்து மீனைப் பிடித்து, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டின் விளிம்பால் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. வருகிற வழுவழுப்பைத் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து மூட வேண்டும். 40 மடங்கிலேயே வெண்புள்ளிக் கிருமி உருண்டு உருண்டு நகரும், வயிற்றுக்குள் குதிரை லாடம் போன்ற உட்கருவோடு. ஒருமுறை பார்த்தால் மறக்காது. தட்டைப்புழு நீண்டு சுருங்கும். தலையில் நாலு கறுப்புப் புள்ளி இருந்தால் முட்டையிடும் வகை. முட்டையை மருந்து தொடாது என்பதால், குஞ்சு பொரித்தபிறகு மறுபடி மருந்து போட வேண்டும். இந்த ஒரு தகவலைக் கண்ணோ கிட்டோ தராது.

குறையும் இருக்கிறது. நியான் டெட்ரா அளவு மீனைச் சுரண்டினால் சோதனையே அதைக் கொன்றுவிடும். செத்த மீன் என்றால் அப்போதே பார்க்க வேண்டும், ஒட்டுண்ணிகள் பிணத்தில் அதிக நேரம் தங்காது. ராத்திரி செத்து காலையில் எடுத்ததில் எனக்கு இதுவரை ஒன்றும் கிடைத்ததில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அம்மோனியா கிட் வாங்குங்கள். எல்லா மீனும் ஒரே நாளில் சோர்ந்தால் அது, ஒரு மீன் மட்டும் என்றால் கண்ணும் டார்ச்சும். வெளியே எதுவும் தெரியாமல் உரசிக்கொண்டே இருந்தால் மைக்ராஸ்கோப்.

இதில் எதற்கும் பிடிபடாத ஒரு ஃபைட்டர் மீன் என்னிடம் இருக்கிறது. செதில் தேவதாரு காய்போல் விரிந்து, வயிறு வீங்கி நிற்கிறது. உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று கண் சொல்கிறது, எதனால் என்று சொல்லவில்லை. கிட் சுத்தம், வழுவழுப்பிலும் எதுவும் இல்லை. தனி டப்பாவில் விட்டிருக்கிறேன், காலையில் இரண்டு தீவனம் தின்றது.