சேன் பியேரில் ஒரு கஹோன் வகுப்பு

புதுச்சேரியில் சிறுவயதில் மிருதங்கம் கற்றவன் நான். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் குடிவந்த பிறகு, அதன் மரபிசையான மலோயா வாசிக்க ஆசைப்பட்டு, அங்குள்ள சேன் பியேர் ஊரில் சேர்ந்த கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் அடிக்கும் மரப்பெட்டி) வகுப்பு இது. "அண்ணே, கஹோன் பெரு நாட்டுக் கருவியாச்சே, அதுல எப்படி மலோயா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை, ஆசிரியர் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நடக்கிறது. முதல் சில வாரம் கஹோனைத் தொடவே விடமாட்டார். கையில் காயாம்ப் கொடுப்பார். கரும்புப்பூத் தண்டுகளை வரிசையாக வைத்துக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்ட தட்டைப் பெட்டி அது. இரண்டு கையாலும் பிடித்துச் சாய்க்கும்போது விதைகள் ஓடிப் போய் விழும் சத்தமும் திரும்பி வரும் சத்தமும்தான் தாளம். "தகிட தகிட" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டால் நம்மவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் மும்மூன்றாக எண்ணும் இந்தத் திஸ்ரம் நாம் எண்ணுகிற மாதிரி கறாராக நிற்காது, கொஞ்சம் சாய்ந்தே ஓடும். அந்தச் சாய்வு உடம்பில் ஏறிய பிறகுதான் கஹோன்.

இங்கேதான் ஆசிரியரின் அருமை தெரிகிறது. கடைகளில் விற்கும் கஹோன்கள் பலவற்றில் முன்பலகைக்குப் பின்னால் கம்பிகள் இருக்கும், அடித்தால் சரசரக்கும். பெருவின் மரபுக் கஹோனில் அவை கிடையாது. இவரும் கம்பிகளைக் கழற்றிவிடச் சொல்கிறார், அடி ஒலி ரூலேருக்கு நெருங்கி வர வேண்டும் என்பதற்காக. ரூலேர் என்பது பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டிய பெரிய முழவு. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடித்து, குதிகாலைத் தோலில் அழுத்தி ஒலியை மாற்றுவார்கள். கஹோனிலும் அப்படியே உட்காருகிறோம். முன்பலகையின் நடுவில் அடித்தபடி குதிகாலை அழுத்தி மேலே இழுத்தால், 'தும்' இறுகி உயர்வதைக் காதால் கேட்கலாம். எனக்கு இந்த வகுப்பில் மிகப் பிடித்த விஷயம் அதுதான்.

பாட்டும் கட்டாயம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். கரும்புத் தோட்ட அடிமைகளிடம் பிறந்த இசை இது, மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள். 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. அதன் பின்னும் வெகுகாலம் மலோயாவை இழிவாகப் பார்த்தார்கள். 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இதையெல்லாம் ஆசிரியர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொல்வார், யாரும் அவசரப்படுத்த மாட்டோம்.

குறைகளும் உண்டு. கொட்டகைக்குத் தாங்காத கூட்டம். வெயில் காலத்தில் புழுக்கம். எழுதித் தருவது எதுவுமில்லை, 'தகிட' மாதிரிச் சொற்கட்டும் கிடையாது, ஆகவே ஒரு வாரம் வராவிட்டால் பின்தங்கிப் போவீர்கள். பேச்சு முழுக்கத் தீவு மக்களின் மொழியான கிரியோல். பிரெஞ்சு தெரிந்தால் ஒருவாறு சமாளிக்கலாம்.

மாதம் 40 யூரோ, கஹோன் அங்கேயே தருகிறார்கள். ஸ்பெயினின் ஃபிளாமெங்கோ இசைப் பாணியில் வேகமாக விரல் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது. மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.