சில்லு கழற்றும் சக்கர நாற்காலியும் யாழ்ப்பாண ரயிலும்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

“அண்ணை, அந்தச் சில்லு கழற்றும் சக்கரக் கதிரை விலை இறங்கியிருக்குதாம். அம்மாவை ரயிலில யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போக வாங்கலாமோ?” என்று வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். போன மாதம்தான் பின்சில்லுகளின் அச்சாணி இரண்டும் மாற்றப்பட்டதால் இந்தக் கதிரையின் நல்லதும் கெட்டதும் இப்போது நன்றாக நினைவில் இருக்கிறது. அலுமினியச் சட்டம், 16 அங்குல இருக்கை, குறுக்காக மடியும் என்பதெல்லாம் விற்கிறவர்களே சொல்வார்கள். ரயிலுக்குள் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. 24 அங்குலப் பின்சில்லுகள் பூட்டியிருக்கும்போது மொத்த அகலம் 630 மில்லிமீற்றர். கழற்றினால் 490. ரயிலின் ஒடுங்கிய நடைவழியாலும் கழிப்பறை வாசலாலும் போக, இந்த 14 சென்ரிமீற்றருக்காகத்தான் இந்தக் கதிரையை வாங்குவது. சில்லின் நடுவிலுள்ள பொத்தானை அமத்தினால் அச்சாணி நுனியிலுள்ள சிறு உருண்டைகள் உள்ளே போகும், சில்லு கையோடு வந்துவிடும். பின்சட்டத்தின் அடியில் 100 மி.மீ. விட்டத்தில் இரண்டு சின்னச் சில்லுகள் நிலத்தைத் தொடாமல் ஏறத்தாழ 15 மி.மீ. மேலே நிற்கும். பெரிய சில்லுகள் போனதும் கதிரை அவற்றின் மேல் இறங்கும். ஆள் எழும்பத் தேவையில்லை. ஒருவர் ஒரு பக்கத்துச் சட்டத்தை இரண்டு விரற்கடை தூக்க, மற்றவர் சில்லை இழுத்து எடுக்க, மெதுவாக இறக்கிவிட்டு மறுபக்கம் போகவேண்டும். இரண்டையும் ஒரே தடவையில் கழற்றப் பார்த்தால் கதிரை பின்னால் சரியும். பழகிய இருவருக்கு ஒரு நிமிடம் போதும். இவ்வளவு எளிமையான, இவ்வளவு உருப்படியான ஒன்றை யோசித்தவரை மனதார வாழ்த்தத் தோன்றுகிறது.

மேடையில் வைத்துக் கழற்றக்கூடாது. பெரிய சில்லோடுதான் ஏற்ற வேண்டும். நாற்காலியின் முதுகு ரயிலைப் பார்க்கும்படி திருப்பி, ஒருவர் பெட்டிக்குள் நின்று கைபிடியை இழுக்க, இன்னொருவர் கீழே நின்று முன்சட்டக் குழாயைப் பிடித்துத் தூக்க வேண்டும். கால்மிதியிலோ கைதாங்கியிலோ பிடித்தால் அது கழன்று கையோடு வரும், ஆள் விழுவார். உதவிக்கு வருகிற போட்டர்மாரும் பயணிகளும் முதலில் கைவைப்பது அங்கேதான், அதனால் முன்கூட்டியே காட்டிக்கொடுங்கள். மடிக்கும் சாய்தளப் பலகை கொண்டுபோகலாமே என்று பலர் கேட்பார்கள். மேடைக்கும் பெட்டித் தளத்துக்கும் 300 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற பாதுகாப்பான சரிவுக்கு 3.6 மீற்றர் நீளப் பலகை வேண்டும். ஒன்றுக்கு ஆறு என்று செங்குத்தாக வைத்தாலும் 1.8 மீற்றர். இரண்டு மூன்று நிமிடம் நிற்கிற ரயிலில் அதை விரித்து, ஏற்றி, மடிக்க முடியாது. இறங்கும்போது பெரிய சில்லைத் திரும்பப் பூட்ட வேண்டும் என்பதால், இறங்குமிடத்துக்கு 15 நிமிடம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

அச்சாணிக்கு வருவோம், ஏனென்றால் உயிராபத்து இருப்பது அங்கேதான். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நிலையங்களெல்லாம் கடலின் ஓரத்திலேயே இருப்பவை. உப்புக்காற்றும் நுண்மணலும் அச்சாணியின் உள்துளைக்குள் போய், நடுக்கம்பி இறுகிவிடும். கம்பி இறுகினால் பொத்தானை விட்டாலும் உருண்டைகள் வெளியே வராது. சில்லு பூட்டியது போலவே இருக்கும், சுற்றும், ஆனால் பூட்டுப்பட்டிருக்காது. மேடை விளிம்பில் பக்கவாட்டில் சாய்ந்தால் கழன்று போகும். ஆகவே ஒவ்வொரு முறை பூட்டியதும் பொத்தானைத் தொடாமல் சில்லை வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். கொழும்பில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை அச்சாணியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மெல்லிய தையல்மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். கிறீஸ் பூசாதீர்கள், மணலை அது இழுத்து வைத்துக்கொள்ளும். முலாம் பூசிய இரும்பு அச்சாணி மூன்று வருடத்துக்குள் முடிந்தது. மாற்றும்போது துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள். பழையதைக் கையில் கொண்டுபோய் விட்டத்தைக் கலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். 12 மி.மீ.யும் அரை அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஒன்றின் இடத்தில் மற்றது சேராது.

இருக்கைப் பக்கம் அதிகம் சொல்ல இல்லை. நடைவழியோரத்து ஆசனத்தின் கைதாங்கி மேலே உயர்ந்தால் பலகை வைத்துப் பக்கவாட்டில் வழுக்கி மாறலாம், உயராவிட்டால் ஆளைத் தூக்கத்தான் வேண்டும். ஆசனம் பதிவு செய்யும்போது கழிப்பறைக்குக் கிட்டவாகக் கேளுங்கள். ஆசனத்துக்கு மாறாமல் நாற்காலியிலேயே இருந்து போவதற்கென்று ஒரு வெற்றிடம், இரண்டு ஆசனத்தைக் கழற்றினால் வந்துவிடும் இடம், பெட்டிக்கு ஒன்று இருந்தால் இந்தப் பந்தியே தேவையில்லை.

இனி மூன்று வருடமாக ஆறாத விடயம். இந்தக் கதிரையின் பிரேக் பெரிய சில்லின் ரயரில்தான் அமத்திப் பிடிக்கும். பெரிய சில்லைக் கழற்றியதும் பிரேக் இல்லை. ஆடுகிற ரயிலில், ஈரத் தரையில், ஒருவர் கதிரையிலிருந்து எழும்பி கழிப்பறைக் கொமட்டுக்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில், அவருக்குப் பின்னால் இருப்பது எந்தப் பூட்டும் இல்லாத நான்கு சிறு சில்லுகள். எழும்பும்போது கை கதிரையைப் பின்னுக்குத் தள்ளும், கதிரை போய்விடும், திரும்ப இருக்கும்போது அது அங்கே இருக்காது. இதை வடிவமைத்தவர்கள் சில்லைக் கழற்றுவது எதற்காக என்று யோசித்தார்களா என்றே கேட்க வேண்டியிருக்கிறது. கழற்றுவதே இந்த இடத்துக்காகத்தானே.

தற்காலிக வழி, கதவுக்கு வைக்கும் றப்பர் ஆப்பு நான்கு. சின்னச் சில்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும். காய்ந்த தரையில் பிடிக்கும், ஈரத்தில் வழுக்கும், அதனால் முதலில் ஒரு பழைய துவாயால் தரையைத் துடைக்க வேண்டும். நிரந்தர வழி, சின்னச் சில்லுகளை மாற்றி, சில்லும் கழுத்தும் ஒன்றாகப் பூட்டுப்படும் மிதிபிரேக் உள்ளவற்றைப் போடுவது. புறக்கோட்டை ஹாட்வெயார் கடைகளில் பார்க்கலாம். சிக்கல் இருப்பது உயரத்தில். சுழலும் கழுத்து இருப்பதால் 100 மி.மீ. சில்லின் மொத்த உயரம் 125க்கு மேல் போய்விடும். அதைப் போட்டால் பெரிய சில்லு நிலத்தைத் தொடாது. 75 மி.மீ. சில்லு, மொத்த உயரம் 100 அளவில் வருவதுதான் பொருந்தும். மாற்றிய பிறகு நான்கு சில்லும் சுழலும் என்பதால் ஒடுங்கிய இடத்தில் பக்கவாட்டாகவும் நகர்த்தலாம், அது எதிர்பாராத வசதி. ஆனால் ரயில் வளைவில் திரும்பும்போது கதிரையும் சேர்ந்து போகும், கைபிடியை விடவே கூடாது.

75 மி.மீ.க்கு இறங்கினால் அடுத்த சிக்கல் வாசற்படி. தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கழிப்பறை வாசலில் ஒரு விளிம்பு வைத்திருப்பார்கள். இந்தச் சிறு சில்லு 20 மி.மீ. வரை தள்ளி ஏறும். அதற்கு மேலென்றால் தூக்க வேண்டும். உள்ளே நிற்க ஆளுக்கு இடமில்லாததால் பின்னால் நிற்கிற ஒருவரே தூக்க வேண்டும். கால்மிதி இரண்டையும் கழற்றிவிட்டால் 1050 நீளம் 800க்குக் குறையும். அதைக் கழற்றாமல் உள்ளே போகவே வேண்டாம்.

அப்படியும் கதவு மூடாது. உட்பக்கம் திறக்கும் கதவென்றால் கதிரை உள்ளே இருக்கும்வரை மூட வழியே இல்லை. ருமேனியாவிலிருந்து வந்த பெட்டி, சீனாவிலிருந்து வந்தது, இந்தியாவிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு அளவு, அதனால் முதலில் அளவுநாடாவோடு போய்ப் பாருங்கள். ஆனால் நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப 1500 மி.மீ. வட்டம் வேண்டும், கொமட்டின் ஒரு பக்கத்தில் 900 வெற்றிடம் வேண்டும், இரண்டு பக்கமும் 35 மி.மீ. தடிப்பில் பிடிகம்பி வேண்டும். இவற்றை எந்தக் கதிரையும் கூடக் கொண்டுவர முடியாது. மூடாத கதவுக்குப் பதிலாகக் கொண்டுபோகக்கூடியது இரண்டு கொளுக்கி, ஒரு நைலோன் கயிறு, ஒரு இரட்டைப் போர்வை. கதவு நிலையின் இருபக்கமும் மாட்டி மறைப்புக் கட்டலாம். போர்வை முழங்கால் வரையாவது தொங்க வேண்டும், கீழ் நுனியில் கனமாக எதையாவது தைத்துவிடுங்கள், காற்றுக்குப் பறக்கும்.

கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம். இந்தக் கதவுக்குப் பயந்து முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் ரயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றையும் கல்லையும் கொண்டுவரும் பழக்கம்.

நேர்மையாகச் சொன்னால் இது கதிரையின் குற்றம் அல்ல. பிரித்தானியாவில் ரயில் பெட்டிக்கான விதிகள் 700 அகலமும் 1200 நீளமும் உள்ள நாற்காலியை வைத்து இடத்தை அளக்கச் சொல்கின்றன. அங்கே ஆளுக்கு ஏற்றபடி பெட்டி, இங்கே பெட்டிக்கு ஏற்றபடி ஆள். நம்மிடம் சட்டம் இல்லாமலும் இல்லை. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006 ஒக்ரோபரில் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்து, ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் கொடுத்தன. சக்கர நாற்காலியிலிருந்தே போராடிய அஜித் சி. எஸ். பெரேராவின் மனுவில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவு கழிப்பறை வசதியைத் தனியே குறிப்பிட்டே பேசுகிறது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றி, 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையில் போக்குவரத்து என்ற சொல்லே இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேர் ஏதோவொரு இயலாமையோடு வாழ்வதாகப் பதிவாகியது. இத்தனை பேருக்கும் ஒரு கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பிக்குப் பதில். சட்டத்தில் ஒரு வெடிப்பு இல்லை, மடிப்பு இன்னும் இறுக்கமாக இருக்கிறது, வீட்டுக் குளியலறைக்கும் காலி வீதி மருந்துக்கடைக்கும் இதைவிட நல்ல கதிரை இந்த விலைக்குக் கிடையாது. ஆனாலும் யாழ்ப்பாண ரயிலுக்காக என்றால் வாங்க வேண்டாம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் தானாக நிற்பார் என்றால் சாதாரணக் கதிரையும் கைத்தாங்கலும் போதும். நிற்கமாட்டார் என்றால் இந்த 490 மில்லிமீற்றரும் அவரைக் கொமட்டில் இருத்தாது, போர்வைக்குப் பின்னால் கொண்டுபோய் விடும், அவ்வளவே.

அதற்குப் பிறகும் வாங்குவதென்றால், காசு கொடுக்க முதல் கதிரையைக் கவிழ்த்துச் சின்னச் சில்லின் தண்டை அளந்து பாருங்கள். 10 மி.மீ. மரையாணி என்றால் மிதிபிரேக் சில்லு நேரே ஏறும். 8 என்றால் ஆளின் பாரத்துக்கு வளையக்கூடும், அந்தக் கதிரையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.