விளையாடும்போது மட்டும் அணைந்த கணினி: எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகான நீண்டகால அனுபவம்

ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும் கொண்ட என் கணினி, மற்ற வேலைகளில் எந்தக் குறையும் வைக்காமல், கனமான விளையாட்டுகள் ஓடும்போது மட்டும் விண்டோஸின் பிழையறிவிப்பான நீலத்திரைகூட வராமல் பட்டென்று அணையத் தொடங்கியது. காரணம் கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான பழைய எஸ்எம்பிஎஸ்தான் என்று உறுதிசெய்து, ஏடிஎக்ஸ் 3.0 தரத்திலான 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாறினேன். சென்னையின் கடுங்கோடைகளைக் கடந்த பின்னரும் அந்தக் கோளாறு திரும்பவில்லை.

இத்தகைய சிக்கலைச் சொன்னவுடன் பலரும் வெப்பத்தையே சந்தேகிக்கிறார்கள். ஆனால் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சூடேறும்போது முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைவது கடைசிக் கட்டம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பதிவுசெய்து பார்த்தபோது, அணைவதற்குச் சற்று முன்புவரை வெப்பநிலை இயல்பாகவே இருந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் காணப்படும் ‘கெர்னல்-பவர் 41’, கணினி முறைப்படி அணையவில்லை என்பதைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

நம் வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும் என்பதால், அதை விலக்கிச் சுவர் பிளக்கில் நேரடியாக இணைத்துச் சோதித்தேன். அப்போதும் கணினி அணைந்தது. சுமைச் சோதனை மென்பொருள்களான பிரைம்95 ப்ராசஸரையும் ஃபர்மார்க் கிராபிக்ஸ் கார்டையும் தனித்தனியே வருத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. இதுதான் முக்கியமான தடயம் என்று நினைக்கிறேன். அந்தச் சோதனைகளில் சுமை சீராக இருக்கிறது. விளையாட்டிலோ காட்சிக்குக் காட்சி ஏறி இறங்குகிறது. 3080-இன் மின்தேவை 320 வாட் என்பது சராசரிக் கணக்கு. சில மில்லிவினாடிகளுக்கு அதன் தேவை இதைவிட வெகுவாக உயரும், கண்காணிப்பு மென்பொருள்களில் அது தெரிவதுமில்லை. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைத்த 750 வாட் அளவே என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இருந்தது என்றாலும், அந்தத் திடீர் ஏற்றத்தில் அதன் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்தது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 75 சதவீதமாக, அதாவது 240 வாட்டாகக் குறைத்தவுடன் அதே விளையாட்டு தடையின்றி ஓடியதும் சந்தேகம் தீர்ந்தது. காசு செலவழிக்கும் முன் எவரும் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, 100 மைக்ரோவினாடிகளுக்குத் தன் அளவைப்போல் இருமடங்கு வரையிலான ஏற்றத்தை எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்கிறது. புதியதைத் தேர்ந்தெடுக்க அதுவே எனக்குக் காரணமாக அமைந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டு முனை இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட்டுக்கு உரியது என்பதால், ஒரே கேபிளின் இரு கிளைகளைப் பயன்படுத்தாமல் இரண்டு தனிக் கேபிள்களை இழுத்தேன். விசிறிச் சத்தம் குறைந்திருக்கிறது. கேபிள்கள் விறைப்பாக இருப்பதால் கேபினெட்டின் பக்கக் கதவை மூடுவது மட்டும் சிரமம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் புதியதில் பொருந்துவதுபோல் தோன்றினாலும் அவற்றைச் செருகவே கூடாது. முனைகளின் வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்டும் கருகிவிடக்கூடும்.