அப்பான்ர மைனருக்கு டைமிங் வைச்ச ரெண்டு நாள் – யாழ்ப்பாணப் பயணம்

போன வருசம் கனடாவிலை இருந்து நாலு கிழமை லீவிலை ஊருக்குப் போய் வந்தனான். காணி அலுவல், கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் இருந்தாலும் உண்மையிலை நான் போனது அப்பான்ர மொறிஸ் மைனரைத் திருப்பி ரோட்டிலை ஏத்தத்தான். 1958 மொடல், மைனர் 1000, 948 சிசி. எங்கட வீட்டிலை மூண்டு கலியாணத்துக்கு பொம்பிளையை ஏத்தின கார். பழைய எஞ்சின்ர பிளொக் வெடிச்சு நாலு வருசமா மாமரத்துக்குக் கீழை நிண்டது, நான் போக முதலே மச்சான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலை தேடி அதே 948 எஞ்சின் ஒண்டு எடுத்து, ஒரு கராச்சிலை குடுத்துப் பூட்டியும் வைச்சிருந்தார்.

ஸ்ராட் பண்ணினா உடனை பிடிக்குது, ஐடிலும் பரவாயில்லை. ஆனா ரோட்டுக்குப் போனா இழுவை இல்லை, நாலாம் கியரிலை முப்பது மைல் தாண்டவே கஷ்டப்படுது, கோண்டாவில் போறதுக்குள்ளை தண்ணி கொதிக்குது. பூட்டின கராச்சிலை போய்ச் சொன்னா ரேடியேற்றர் அடைச்சுப்போச்சு எண்டு கழட்டிக் கழுவினாங்கள், பிறகு தேமோஸ்ராட்டைக் கழட்டி எறிஞ்சாங்கள், பிறகு கெஸ்கற் மாத்தவேணும் எண்டாங்கள். டைமிங் (பிளக் பொறி விடுற நேரம்) பாத்தனீங்களோ எண்டு கேட்டன், "குறிக்கு நேரா வைச்சிருக்கு, அதிலை பிழை வராது" எண்டு சொல்லிப்போட்டாங்கள். எனக்கு அந்த இடத்திலை சரியான மனவருத்தம், ஒரு கிழமை லீவு அதிலையே போட்டுது.

பிறகு அயலிலை ஒருத்தர் சொல்லி உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஐயாட்டைக் கொண்டு போனம். எழுபது தாண்டின மனுசன், போர்ட் எண்டு ஒண்டும் இல்லை, கிடுகுக் கொட்டில், ஒரு வேப்பமரம், டின் டின்னா பழைய சாமான். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிசம் கேட்டார், சைலன்சர் பக்கம் கையைப் பிடிச்சுப் பாத்தார், "தம்பி, இது பிந்தி எரியுது, ரேடியேற்றரைக் குறை சொல்லாதேங்கோ" எண்டார். பொறி பிந்தினா பெற்றோல் சிலிண்டருக்குள்ளை எரிஞ்சு முடியாமல் வெளியிலை போகேக்கையும் எரியும், வேலை செய்யவேண்டிய சூடு தண்ணிக்கும் எக்ஸோஸ்டுக்கும் போகும், அதுதான் இழுவையும் இல்லை கொதிக்கவும் செய்யுது.

குறிக்கு நேரா வைச்சிருக்காம் எண்டு நான் சொன்னன். "குறி ஆற்றை குறி?" எண்டு கேட்டார். அதுதான் விசயமே. இந்த 948 ஏ சீரிஸ் எண்ட எஞ்சின் குடும்பம், அது 1951இலை ஒஸ்ரின் ஏ30இலை வந்து பிறகு மைனர், ஏ35, மினி எண்டு எத்தினையோ காருக்குப் போனது, ஒண்டின்ர சாமான் மற்றதுக்கு ஏறும், அதாலை கையிலை கிடைக்கிற எஞ்சின் பாதிக்கு மேல ஒட்டு எஞ்சின்தான். எங்கட எஞ்சினிலை முன் கவர் மைனரின்ரதுதான், கீழை மூண்டு முள்ளு இருக்கு, நீட்டு முள்ளு மேல் மட்டம் (முதலாம் பிஸ்ரன் உச்சியிலை நிக்கிற இடம்), மற்ற ரெண்டும் அதுக்கு 5, 10 டிகிரி முந்தி. ஆனா அந்த முள்ளுக்கு நேரா வைக்கிற குறி இருக்கிற கிராங் புல்லி (எஞ்சினுக்கு முன்னுக்குச் சுத்துற சில்லு) வேற எஞ்சினிலை இருந்து வந்தது, நடுவிலை ரப்பர் வைச்ச சாதி. ரப்பர் வயசு போய் வெளி வளையம் வழுக்கினா குறியும் சேந்து நகந்திடும், வெளியிலை பாத்தா ஒண்டும் தெரியாது.

அவர் உண்மையான மேல் மட்டத்தைக் கண்டுபிடிச்ச விதத்தை நான் பக்கத்திலை குந்தியிருந்து பாத்தன். ஒரு பழைய பிளக்கின்ர பீங்கானை உடைச்சு எடுத்து உள்ளுக்குப் போல்ற் பூட்டி வைச்சிருக்கிறார், முனை உருண்டை. நாலு பிளக்கையும் கழட்டி, முதலாம் சிலிண்டரிலை அதை முறுக்கி, எஞ்சினை மெதுவா சுத்தினார், பிஸ்ரன் வந்து தொட்டு நிக்க முள்ளுக்கு நேரா புல்லியிலை சோக்காலை ஒரு கோடு. திருப்பி மற்றப் பக்கம் சுத்தி நிக்கிற இடத்திலை இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவிலைதான் மேல் மட்டம். புல்லியிலை இருந்த பழைய குறி அதிலை இருந்து ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி இருந்தது. சுற்றளவை நூலாலை அளந்து பாத்தம், 36இலை ஒரு பங்கு, அப்ப 10 டிகிரி. 5 டிகிரி முந்தி எண்டு அவங்கள் வைச்சது உண்மையிலை 5 டிகிரி பிந்தி!

பழைய குறியை அரத்தாலை தேச்சு விட்டிட்டு புதுசா வெட்டி வெள்ளைப் பெயின்ற் பூசினார். பிறகுதான் பொயின்ற் (பொறியைப் பிளக்குகளுக்குப் பிரிச்சு விடுற டிஸ்ரிபியூட்டருக்குள்ளை இருக்கிறது, அது விரியேக்கைதான் பொறி வரும்), 15 தவ் இடைவெளி, அதாவது அங்குலத்திலை ஆயிரத்திலை 15 பங்கு. அதை முதல் வைக்கவேணும், டைமிங் வைச்ச பிறகு பொயின்றைத் தொட்டா டைமிங்கும் மாறிடும். பிறகு ரொக்கர் கவரைத் திறந்து நாலாம் சிலிண்டரின்ர ரெண்டு வால்வும் ஒண்டு மூட மற்றது திறக்கிற நேரம் பாத்தார், அப்ப முதலாவது கொம்பிறசனிலை நிக்குது, இதைப் பாக்காமல் விட்டா டிஸ்ரிபியூட்டர் அரைச் சுத்து மாறி காபரேற்றராலை வெடிக்கும். 12 வோல்ற் பல்ப் ஒண்டை டிஸ்ரிபியூட்டர் வயரிலை இருந்து கார்ப் பொடிக்குப் போட்டு, சுவிச்சைத் திறந்து, எஞ்சினை முன்னுக்கு மட்டும் சுத்தி 5 டிகிரிக்குக் கொண்டு வந்தார். தாண்டினா பின்னுக்கு நல்லா விட்டுத் திருப்பி முன்னுக்கு வரவேணுமாம், செயின் தொய்வு இருக்கு. டிஸ்ரிபியூட்டரைத் திருப்ப பல்ப் பத்துற அந்தக் கணம் பொயின்ற் விரியுது, அதிலை இறுக்கினார்.

ஓடேக்கை டைமிங்கை முந்த விடுற வாக்கும் பைப்பை வாயாலை உறிஞ்சிப் பாத்தார், காத்து நிக்கேல்லை, சவ்வு கிழிஞ்சிருக்கு. டின்னுக்குள்ளை இருந்து ஒண்டு எடுத்து மாத்தினார்.

அவர் இந்தக் காதை எங்கை பழகினவர் எண்டு கேட்டன். 1990க்குப் பிறகு சண்டையாலை பெற்றோல் வர விடாத காலத்திலை நாங்கள் எல்லாம் ரெண்டு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடினது இங்கை வாசிக்கிற கனபேருக்கு ஞாபகம் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (தட்டாமல் எரியிற தன்மை) குறைவு, பெற்றோல் டைமிங்கிலை விட்டா தட்டி பிஸ்ரனையே உடைக்கும், அதாலை ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு பிந்த விடலாம் எண்டு காதாலைதான் பிடிச்சவராம். "அப்ப பிந்தின எஞ்சின்ர சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்டனான் தம்பி, மறக்குமோ" எண்டார். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு.

அடுத்த நாள் ரோட் ரெஸ்ற். யாழ்ப்பாணத்திலை ஏற்றம் எண்டு ஒண்டும் இல்லைத்தானே, அதாலை நாலு பேர் ஏறி, பலாலி ரோட்டிலை நாலாம் கியரிலை இருபது மைலிலை போய் ஒரேயடியா அக்சிலரேற்றரை அமத்தினம், 92 ஒக்ரேன் பெற்றோல். டைமிங் கூட முந்தினா வாற, டப்பாக்குள்ளை சிறுகல்லுக் குலுக்கிற மாதிரிச் சத்தம் வருதோ எண்டு எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக் கேட்டம். வரேல்லை. டிஸ்ரிபியூட்டரிலை இருக்கிற குட்டிச் சக்கரத்தை ஏ பக்கம் (முந்த) கொஞ்சம் கொஞ்சமா திருப்பி சத்தம் லேசா வரமட்டும் போய், பிறகு ஆர் பக்கம் (பிந்த) கொஞ்சம் விட்டார். நான் கொண்டுபோன ஸ்ரோப் லைற்றை (ஓடுற எஞ்சினிலை குறி எங்கை நிக்குது எண்டு மின்னிக் காட்டுறது) அதுக்குப் பிறகுதான் பிடிச்சுப் பாத்தன் (மைனரிலை பிளஸ்தான் பொடிக்குப் போறது, கிளிப்பை மாறிப் போட்டிடாதேங்கோ), வாக்கும் பைப் கழட்டி ஐடிலிலை புதுக் குறி 5க்கும் 10க்கும் நடுவிலை, 7 சொல்லலாம்.

கூலி ரெண்டு நாளுக்கு 15,000 ரூபா கேட்டார், கூடக் குடுத்தன், மிச்சத்தைத் திருப்பித் தந்திட்டார். ஸ்ரோப் லைற்றை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளிக்கிடுற கிழமை அம்மாவை முன்னுக்கு இருத்தி கிளிநொச்சி போய் வந்தம். ஆனையிறவிலை நல்ல வெயில், தண்ணி கொதிக்கேல்லை. மச்சானுக்கு ஒரு துண்டிலை எழுதி கதவுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டு வந்திருக்கிறன்: முதல் 500 மைலிலை பொயின்றைத் திறந்து பார், அதைத் தள்ளித் திறக்கிற குதி தேய்ஞ்சா இடைவெளி குறையும், டைமிங் பிந்தும், திருப்பி 15 வைச்சிட்டு பல்பைப் போட்டுப் பார், வெள்ளைக் குறியை மட்டும் நம்பு.